ஜோன்ஸை விடுங்க, பண்ணை பேரைப் பிடிங்க

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

போன இதழ்ல ஒரு கல்லறைக் கல் போட்டோவுக்கு நாலே வரி பதில் எழுதினேன், அது இங்கிலீஷ தப்பா செதுக்கினது இல்ல, இங்கிலாந்தை ஒட்டி இருக்கிற வேல்ஸ் நாட்டோட வெல்ஷ் மொழின்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வந்த லெட்டரையும் வாட்ஸ்அப்பையும் பாத்தா நம்ம மலையில பல வீட்டு அலமாரிக்குள்ள ஒரு வெல்ஷ்காரர் சத்தமில்லாம உக்காந்திருக்கார் போல. அதனால இந்த மாசம் கேரட்டும் காய்ஞ்ச ரோஜாச்செடியும் ஓரமா இருக்கட்டும், மொத்த பக்கமும் இதுக்குத்தான்.

கேள்வி: டீச்சர், எங்க பாட்டியோட தாத்தா வேல்ஸ்காரர், ஜோன்ஸ்னு பேரு. வெல்லிங்டன்ல பட்டாளத்துல இருந்தார், அதை விட்டு விலகி அப்புறம் ஒரு எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருந்தார்னு வீட்ல சொல்வாங்க. அவர் பைபிளோட முதல் பக்கத்துல 'ஹஃபோட் உச்சஃப்'னு மையில எழுதியிருக்கு, அது அவர் விட்டுட்டு வந்த பொண்ணு பேருன்னு எங்க அத்தை இன்னைக்கும் சாதிக்கிறாங்க. நெட்டுல ஜோன்ஸ்னு தட்டினா லட்சக்கணக்குல வருது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?
– வாசகி, குன்னூர்

பதில்: முதல்ல அந்த பைபிளை பருத்தித் துணியில சுத்தி ஈரம் ஏறாத இடத்துல வைங்கம்மா, குன்னூர் ஜூன் மாசத்துக்கு எந்தக் காகிதமும் தாங்காது. அடுத்து, அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க, அது பொண்ணு பேரு இல்ல, பண்ணை பேரு. வெல்ஷ்ல ஒத்தை எஃப் இருந்தா 'வ'ன்னு படிக்கணும், ரெண்டு எஃப் சேர்ந்து வந்தாத்தான் 'ஃப'. மத்த எழுத்து சிலதும் இங்கிலீஷ் மாதிரி ஒலிக்காது, அதனால அது 'ஹவோட் இஹாவ்'னு வரும், கிட்டத்தட்ட. ஹவோட்னா வெயில் காலத்துல மாட்ட மேல மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டு போயி தங்குற மலை வீடு, குளிர் வந்தா கீழ இறங்கி வர்ற பூர்வீக வீட்டுக்கு ஹென்ட்ரெ. நம்ம தோடர்கள் வறட்சியான மாசத்துல எருமைய ஓட்டிக்கிட்டு புல் இருக்கிற வேற மந்துக்கு, அதாவது அவங்க குடியிருப்புக்கு, போவாங்களே, அதே பழக்கம்தான். இஹாவ்னா மேலது. மேல் ஹவோட். மேலது ஒண்ணு இருந்தா பக்கத்துலயே கீழ் ஹவோட் ஒண்ணு இருக்க வாய்ப்பு உண்டு, அதுக்கு 'இசாவ்'னு சேத்துக்குவாங்க, மேலூர் கீழூர்னு நாம வைக்கலையா.

ஆக உங்க கையில இருக்கிறது அட்ரஸ்ல பாதி. மீதிப் பாதி அது எந்த பாரிஷ், அதாவது எந்த சர்ச்சோட எல்லைக்குள்ள வர்ற பகுதிங்கறது, ஏன்னா ஹவோட் இஹாவ்ங்கற பேர்ல வேல்ஸ்ல பல பண்ணை இருக்கு.

இங்க என் கதைய சொல்லிடுறேன், சிரிக்காதீங்க. என் மாமியார் வழியிலயும் ஒரு வெல்ஷ் சிப்பாய் உண்டு, ஜான் ஜோன்ஸ். நான் என்ன பண்ணினேன், பணம் கட்டி ஒரு வம்சாவளி சைட்டுல சேந்து, பேரும் வருஷமும் ஒத்துப்போற ஒரு ஜான் ஜோன்ஸைப் பிடிச்சு, அவருக்கு அப்பா அம்மா, தாத்தா பாட்டி, பெரிய தாத்தான்னு சார்ட் பேப்பர் ஒட்டி ஒட்டி சுவர் முழுக்க வரைஞ்சேன், ஏழு மாசம். அப்புறம் ஒரு நாள் அதே பாரிஷோட அடக்க ரெஜிஸ்டரைப் பாத்தா, நான் பிடிச்ச ஜான் மூணு வயசுல இறந்துபோன குழந்தை. மூணு வயசுப் பிள்ளைக்கு நான் ஏழு பசங்களையும் இருபது பேரப்பிள்ளைகளையும் கட்டி வச்சிருந்தேன். ஞானஸ்நானம் கிடைச்ச சந்தோஷத்துல அடக்கத்தைப் பாக்காம தாண்டாதீங்க, இது நான் சம்பளம் குடுத்து கத்துக்கிட்டது.

சரி, வழிக்கு வருவோம். ஆரம்பம் வேல்ஸ்ல இல்ல, உங்க வீட்டுப் பக்கத்து சர்ச்ல. அவர் கல்யாணம் இங்க நடந்திருந்தா ரெஜிஸ்டர்ல வயசு, வேலை, தங்கியிருந்த இடம் இருக்கும், அவர் அப்பா பேரும் பெரும்பாலும் இருக்கும், அதுதான் சாவி. பாஸ்டரையாகிட்ட லெட்டர் எழுதி நேரம் கேட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட போயி அந்த தடிப் புஸ்தகத்தை எடுங்கன்னு நின்னா யாருக்கும் பிடிக்காது. புஸ்தகம் கரையான் தின்னு போயிருந்தாலும் மனசு விடாதீங்க, மெட்ராஸ் ராஜதானியில நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கத்துக்கு பெரும்பாலும் ஒரு நகல் லண்டனுக்கு போயிருக்கு, 1698ல இருந்து 1948 வரைக்கும், இப்ப பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2ங்கற வரிசையில இருக்கு. ஃபிபிஸ்னு ஒரு சங்கம் இருக்கு, பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களைத் தேடுறவங்க சேந்து நடத்துறது, அவங்க இன்டெக்ஸ்ல காசில்லாம தேடலாம்.

அவர் சிப்பாய்ங்கறது உங்க அதிர்ஷ்டம். பட்டாளத்துல சேரும்போது ஒரு ஃபாரம் நிரப்புவாங்க, இன்ன பாரிஷ்ல, இன்ன டவுன் பக்கத்துல, இன்ன கவுன்டியில பிறந்தேன்னு மூணும் அதுல வரும். பென்ஷனோட வெளிய வந்திருந்தா அந்தக் காகிதம் லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூஓ 97 வரிசையில இருக்க வாய்ப்பு அதிகம். அதுல பாரிஷ் கிடைச்சிடுச்சுன்னா கதவு திறந்த மாதிரி. ஒண்ணு மட்டும், எழுதினவர் இங்கிலீஷ்கார கிளார்க், சொன்னவர் வெல்ஷ்காரர், அதனால ஸ்பெல்லிங் எப்படி வேணா இருக்கும். ரெண்டு எல் சேர்ந்து வர்ற சத்தம் வெளியாளுக்கு வாயில நுழையவே நுழையாது, நம்ம ழ மாதிரி. நாக்கை ல-வுக்கு வைக்கிற இடத்துல வச்சுக்கிட்டு ஓரமா காத்தை ஊதணும், முயற்சி பண்ணிப் பாருங்க, பக்கத்துல ஆள் இல்லாதப்போ.

பாரிஷ் கிடைச்சதும் ஞானஸ்நான ரெஜிஸ்டர். 1813ல இருந்து அச்சடிச்ச ஃபாரம் வந்துடுச்சு, அதுல அப்பாவோட தொழிலும் குடியிருக்கிற இடமும் எழுதணும், கிராமத்துப் பக்கம் குடியிருக்கிற இடம்னா பண்ணை பேருதான். அங்க ஹவோட் இஹாவ்னு உங்க கண்ணுல பட்டா, அன்னைக்கு பாயசம் வைங்க. அப்புறம் சென்சஸ், 1841ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒண்ணு. 1841ஐ மட்டும் நம்பி வயசு கணக்கு போடாதீங்க, பதினஞ்சுக்கு மேல எல்லாருக்கும் அஞ்சோட மடங்குக்கு குறைச்சு எழுதச் சொல்லிட்டாங்க, 39 வயசுக்காரர் 35 ஆயிடுவார். 1851ல இருந்து பிறந்த பாரிஷும் எழுதினாங்க. 1891ல வேல்ஸ்ல என்ன மொழி பேசுறீங்கன்னும் கேட்டிருக்காங்க, வெல்ஷ் மட்டுமா, இங்கிலீஷ் மட்டுமா, ரெண்டுமான்னு. ஊர்ல தங்கின அண்ணன் தம்பி யாராவது அதுல சிக்குவாங்க.

கேள்வி: எங்க வீட்ல யாரைப் பாத்தாலும் முதல்ல எந்த ஹட்டி, அதாவது எந்த படுகர் ஊருன்னுதான் கேப்பாங்க. வெல்ஷ்காரங்களுக்கும் குடும்பப் பேரு கிடையாதுன்னு ஒருத்தர் சொன்னார், அப்போ ஜோன்ஸ், டேவிஸ் எல்லாம் என்ன?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: தம்பி, பாதி பதில் உன் கேள்வியிலயே இருக்கு. வெல்ஷ்காரங்களுக்கு பழைய வழக்கம் நம்ம இனிஷியல் மாதிரிதான், அப்பா பேரைச் சேத்துக்கிறது, நாம முன்னாடி வைக்கிறோம் அவங்க பின்னாடி வச்சாங்க. ஹவல் மகன் ரீஸ்னா 'ரீஸ் அப் ஹவல்'. அப்-னா மகன். பொண்ணா இருந்தா 'வெர்ஹ்'னு வரும். அடுத்த தலைமுறையில ரீஸோட மகன் டேவிட்டு, 'டேவிட் அப் ரீஸ்'. பேரு தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே போகும். உங்க தாத்தா இனிஷியல் உனக்கு இருக்கா? அதே கதை.

அப்புறம் 1536லயும் 1543லயும் வேல்ஸை இங்கிலாந்து சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க, கோர்ட்டு, பத்திரம், வரி எல்லாம் இங்கிலீஷ் முறையில, அதுக்கு மாறாத ஒரு பேரு வேணும். பெரிய வீட்டுக்காரங்க சீக்கிரம் மாறினாங்க, மலைக் கிராமத்துல 1800க்கு அப்புறமும் சில குடும்பம் அப்பா பேரு வழக்கத்துலயே இருந்துச்சு. மாறினப்போ அந்த 'அப்' பேரோட ஒட்டிக்கிச்சு. அப் ரீஸ் பிரைஸ் ஆச்சு, அப் ஹவல் பவல் ஆச்சு, அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட், அப் ஹாரி பாரி, அப் ஹ்யூ பியூ, அப் எவன் பெவன், அப் ஓவன் போவன். பாக்கிப் பேரு அப்பா பேருக்குப் பின்னாடி ஒரு 'ஸ்' போட்டுக்கிட்டாங்க, ஜானோட பிள்ளைங்க ஜோன்ஸ், டேவிட்டோட பிள்ளைங்க டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ். அந்தக் காலத்துல பிள்ளைக்கு வைக்கிற பேரே பத்திருபதுதான், அதனால ஒரே கிராமத்துல சொந்தமே இல்லாத எட்டு ஜோன்ஸ் குடும்பம். இதுல வேடிக்கை, பழைய வெல்ஷ் எழுத்து வரிசையில ஜெ-ங்கற எழுத்தே கிடையாது.

எட்டு பேரை எப்படி பிரிச்சு சொல்வாங்க? பண்ணை பேரை வச்சுத்தான். இன்ன பண்ணை ஜோன்ஸ், இன்ன ஓடை ஜோன்ஸ். உங்க ஊர்ல எட்டு போஜன் இருந்தா ஹட்டி பேரும் வீட்டுப் பேரும் சொல்ற மாதிரி. கொஞ்சம் வார்த்தை தெரிஞ்சு வச்சுக்கோ. ப்ரின் குன்று, கூம் பள்ளத்தாக்கு, நன்ட் ஓடை, பன்ட் பள்ளம், கோய்ட் காடு, மெலின் மாவு மில்லு, மைஸ் வயல், டீ வீடு, டத்தின் சின்னப் பண்ணை. ல்லான்னு ஆரம்பிக்கிறது சர்ச்சைச் சுத்தி இருக்கிற ஊரு. ல்லான்வைர்னா மரியாள் கோவில், ல்லான்விஹாங்கல்னா மிக்கேல் கோவில், இந்த ரெண்டு பேர்லயும் அங்க ஊரு ஏகப்பட்டது. மாரியம்மன் கோவில் பக்கத்துலன்னு அட்ரஸ் சொன்னா எந்த ஊர் மாரியம்மன்னு கேக்க மாட்டோமா, அங்கயும் அப்படித்தான் பின்னாடி வர்ற வார்த்தையையும் பாக்கணும்.

இன்னொண்ணு, மூத்த பையனுக்கு அப்பாவழி தாத்தா பேரை வைக்கிறது அங்கயும் வழக்கம். நம்ம பேரன்ங்கற வார்த்தையே பெயரன், தாத்தா பேரைத் தாங்கினவன்னுதான் சொல்வாங்க. அதனால பசங்க பேரு வரிசையைப் பாத்து தாத்தா பேரை ஊகிக்கலாம், ஊகம் மட்டும்தான், ஆதாரம் இல்ல.

இடத்தையே குடும்பப் பேரா வச்சுக்கிட்டவங்களும் உண்டு. மெட்ராஸ் கவர்னரா 1687ல இருந்து 1692 வரை இருந்த எலிஹு யேல் தெரியுமா, அந்த யேல் வட வேல்ஸ்ல இருக்கிற யால்ங்கற பகுதியோட பேரு. கோட்டை செயின்ட் மேரீஸ் சர்ச்ல 1680ல நடந்த முதல் கல்யாணமே அவரோடது. சின்ன வயசுல செத்த அவர் மகனோட கல்லறை சென்னையில பழைய லா காலேஜ் வளாகத்துல நிக்குது, அவர் கல்லறை ரெக்ஸம் சர்ச் வாசல்ல. ஒரே குடும்பத்தைத் தேட ரெண்டு கண்டத்துல ரெண்டு சர்ச்.

கேள்வி: டீச்சர், நாங்க சிஎஸ்ஐ. எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா அம்மா கல்யாணம் வேல்ஸ்ல ஒரு பாரிஷ் சர்ச்ல 1822ல நடந்தது கிடைச்சிடுச்சு. ஆனா அவங்களோட ஆறு பிள்ளைங்கள்ல ஒருத்தருக்குக்கூட அந்த சர்ச்ல ஞானஸ்நானம் இல்ல. பக்கத்து பாரிஷும் பாத்தாச்சு. கல்யாணம் பண்ணிட்டு சாமி கும்பிடுறதை விட்டுட்டாங்களா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: விடல ஐயா, எதிர்த்த தெருவுக்கு போயிட்டாங்க. 1754ல இருந்து 1837 வரைக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு, குவேக்கரும் யூதரும் தவிர யாரா இருந்தாலும் கல்யாணம் இங்கிலாந்து திருச்சபையோட பாரிஷ் சர்ச்லதான் நடக்கணும். அதனால மனசு எந்த சபையில இருந்தாலும் மோதிரம் மாத்துறது அங்கதான். பிள்ளை பிறந்தா தூக்கிக்கிட்டு தங்களோட சேப்பலுக்கு போயிடுவாங்க. சர்ச்னா இங்கிலாந்து திருச்சபையோடது, சேப்பல்னா அதுல சேராத சபைகளோடது, இத கலந்துட்டா வேல்ஸ்ல ஒண்ணும் கிடைக்காது. 1851 மார்ச் 30ஆம் தேதி நாடு முழுக்க யார் எங்க ஆராதனைக்கு போறாங்கன்னு எண்ணினாங்க, வேல்ஸ்ல ஆராதனைக்கு வந்தவங்கள்ல ஏறக்குறைய பத்துல எட்டுப் பங்கு சேப்பல்ல இருந்தாங்க. பாரிஷ் சர்ச்சை அரசாங்கத்துல இருந்து பிரிக்கணும்னு அவங்க போராடி, 1914ல சட்டம் வந்து, 1920ல பிரிஞ்சே போச்சு.

உங்க ஆளு எந்த சேப்பல்னு கண்டுபிடிக்கணும். கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்ட், இன்டிபென்டன்ட், பாப்டிஸ்ட், வெஸ்லியன்னு நாலு பெரிய கூட்டம். பாப்டிஸ்டா இருந்தா குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது, வளந்து தானா கேட்டு வாங்கணும், அதனால நீங்க தேடுற புஸ்தகம் அங்க இருக்காது, பிறப்பு எழுதி வச்சிருந்தா உண்டு. சேப்பல் பேரெல்லாம் கேட்டா உங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துடும், பெத்தேல், சீயோன், எபெனேசர், சாலேம், ஓரேப். நம்ம ஊரு சபை போர்டை அப்படியே கழட்டி மாட்டின மாதிரி.

1837ல சிவில் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசாங்கமே பதியுற முறை, வந்தப்போ அரசாங்கம் சேப்பல் ரெஜிஸ்டரையெல்லாம் குடுங்கன்னு கேட்டு வாங்கிச்சு, குடுத்தது ஆர்ஜி 4ங்கற வரிசையில கியூவுல இருக்கு, ஆன்லைன்லயும் பாக்கலாம். குடுக்காம வச்சிக்கிட்ட சேப்பலும் உண்டு, பாஸ்டர் வீட்டுப் பெட்டியில இருந்து தொலைஞ்சதும் உண்டு. சேப்பல் புஸ்தகம் பெரும்பாலும் வெல்ஷ்ல இருக்கும், பாரிஷ் சர்ச்ல 1733 வரைக்கும் லத்தீன்ல எழுதலாம், அப்புறம் இங்கிலீஷ். ஒரே ஆளு அங்க டாவித், இங்க டேவிட். ஷான்னு கூப்பிட்ட பொண்ணு ரெஜிஸ்டர்ல ஜேன் ஆயிருக்கும், க்விலிம் வில்லியம் ஆயிருப்பார், 'இவன்'னு பேரு வச்சவர் 'எவன்' ஆவார், சில நேரம் ஜானே ஆயிடுவார். பைபிள்ல யோவான், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல ஜான்னு ரெண்டு பேரோட வளந்த உங்களுக்கு இது புதுசா என்ன.

எனக்கு ரொம்பப் பிடிச்ச காகிதம் ஒண்ணு இருக்கு. சேப்பல்ல வருஷா வருஷம் ஒரு சின்ன அறிக்கை அச்சடிப்பாங்க, 'அத்ரொதியாட்'னு பேரு, யார் எவ்வளவு காணிக்கை குடுத்தாங்கன்னு வீடு வாரியா பேர் போட்டு, பல சேப்பல்ல பண்ணை பேரோட. நம்ம சபையில சந்தா லிஸ்ட் ஒட்டுறதும் அதுக்கு வர்ற சண்டையும் தெரியும்தானே. 1800களோட கடைசியில இருந்து இந்த மாதிரி நிறைய கிடைக்குது. போன வருஷம் இருந்த பேரு இந்த வருஷம் இல்லன்னா செத்தாங்க, குடிபெயந்தாங்க, இல்ல கோவிச்சுக்கிட்டு அடுத்த சேப்பலுக்குப் போனாங்க. மூணாவது ரகம் கம்மின்னு நினைக்காதீங்க.

அப்புறம் அபெரிஸ்ட்வித்ல இருக்கிற வேல்ஸ் தேசிய நூலகம். 1858க்கு முன்னாடி வேல்ஸ் திருச்சபைக் கோர்ட்டுல பதிவான உயில் 1,90,000க்கு மேல ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. பழைய உயிலோட பொருள் பட்டியலும் சில சமயம் சேந்திருக்கும், எத்தனை மாடு, எத்தனை ஆடு, ஒரு கட்டில், ஒரு செம்புப் பானை, எல்லாத்துக்கும் விலையோட. 1919 வரைக்கும் பழைய பேப்பர் 11 லட்சம் பக்கம், அதுவும் இலவசம். சேப்பல் மூப்பர் யாராவது இறந்தா பத்தி பத்தியா எழுதியிருப்பாங்க, பண்ணை பேரைப் போட்டுத் தேடுங்க, ஆள் பேரைப் போடாதீங்க.

கேள்வி: போன மாசம் நீங்க சொன்ன மாதிரி கல்லறைக் கல்லுல வெல்ஷ் எழுத்து எங்களுக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கு. பாசி மூடியிருக்கு. பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா? எப்படி படிக்கிறது?
– வாசகர், ஊட்டி

பதில்: கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸ் எதுவும் கூடாது, கல்லு ஒரு தடவை உதிர்ந்தா உதிர்ந்ததுதான். சுத்தமான தண்ணிய லேசா தெளிச்சு, சாயங்காலம் வெயில் பக்கவாட்டுல விழும்போது போட்டோ எடுங்க, மேகமா இருந்தா டார்ச்சை கல்லு ஓரத்துல ஒட்டிப் பிடிச்சு அடிங்க, எழுத்து நிழல் விட்டு தானா எழும்பி வரும். 'எர் கோவ் அம்'னு ஆரம்பிச்சா நினைவாகன்னு அர்த்தம். க்ரைக் மனைவி, மாப் மகன், மெர்ஹ் மகள், 'அ வீ வாரு' இறந்தார், எண்ணுக்குப் பக்கத்துல 'ஒய்ட்'னு வந்தா வயசு, ஹெவிட்னா இன்னொருத்தரும் கூட. கீழ ஒரு பண்ணை பேரு இருந்தா அதைத்தான் முதல்ல எழுதிக்கணும். செத்து அஞ்சாயிரம் மைல் தள்ளி புதைச்சாலும் பண்ணை பேரை செதுக்கச் சொல்லிட்டுப் போறவங்க அவங்க.

கேள்வி: பண்ணை பேரு, பாரிஷ் ரெண்டும் தெரியும். கூகுள் மேப்புல தேடினா அப்படி ஒண்ணுமே இல்ல.
– வாசகி, கூடலூர்

பதில்: கூகுள்ல நம்ம ஊர்லயே பாதி இடம் இல்லம்மா. பழைய மேப்புக்கு போங்க. 1836ல தசமபாகத்தை, அதாவது விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச்சுக்கு குடுக்கிறதை, பணமா மாத்த சட்டம் வந்துச்சு, அதுக்காக வேல்ஸ்ல பெரும்பாலான பாரிஷை வயல் வயலா அளந்தாங்க. டைத் மேப்புன்னு பேரு. வயலுக்கு நம்பர், நிலம் யாரோடது, உழுறது யாரு, எவ்வளவு ஏக்கர், எல்லாம் இருக்கும், பல இடத்துல வயலோட பேரும் இருக்கும், அதே வேல்ஸ் நூலகம் இலவசமா போட்டிருக்கு. நம்ம அடங்கல் பாத்திருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல பிடிபடும். அதுக்கப்புறம் வந்த, மைலுக்கு ஆறு இஞ்ச் அளவுல போட்ட சர்வே மேப்பு, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட சைட்டுல இருக்கு, வேல்ஸுக்கும் சேத்து.

அங்கயும் இல்லன்னா எழுத்தை மாத்திப் பாருங்க. வெல்ஷ்ல முன்னாடி வர்ற வார்த்தைக்கு ஏத்த மாதிரி அடுத்த வார்த்தையோட முதல் எழுத்தே மாறும், பாஹ் வாஹ் ஆகும், மவுர் வவுர் ஆகும், பொன்ட்டோட முதல் எழுத்து இங்கிலீஷ் P-ல இருந்து B ஆகும். நமக்கு மரம் பிளஸ் வேர் மரவேர்னு கடைசி எழுத்து போறது பழக்கம், அவங்களுக்கு முதல் எழுத்து. அகராதியில எந்த எழுத்துல தேடுறதுன்னு புலம்பாத ஆளே இல்ல.

குடும்பம் திடீர்னு பண்ணைய விட்டு காணாம போயிருந்தா அதுக்கும் காரணம் இருக்கும். பெரும்பாலானவங்க குத்தகைக்காரங்க. பழைய குத்தகை பல இடத்துல மூணு உயிர் கணக்கு, அதாவது பத்திரத்துல மூணு பேர் பேரு எழுதி அவங்கள்ல கடைசி ஆள் சாகிற வரைக்கும் நிலம் அவங்களுக்கு. குடும்பம் தேடுறவங்களுக்கு லட்டு மாதிரி, அப்பா அம்மா பையன்னு வயசோட இருக்கும். ஜமீன் காகிதங்கள்ல பாக்கணும், வின்ஸ்டே மாதிரி பெரிய எஸ்டேட்டோட கட்டுகள் அபெரிஸ்ட்வித்ல இருக்கு. 1868 எலக்‌ஷன்ல நிலக்கிழார் சொன்ன கட்சிக்கு ஓட்டுப் போடலைன்னு சில குத்தகைக்காரங்களை நிலத்தை விட்டே துரத்தினாங்க, அப்போ ஓட்டு ரகசியம் கிடையாது, 1872லதான் அது வந்துச்சு. உங்க ஆளு 1868க்கும் 1871 சென்சஸுக்கும் நடுவுல காணாம போயிருந்தா இதையும் மனசுல வைங்க.

கடைசியா, பண்ணை தண்ணிக்குக் கீழ இருக்கலாம். லிவர்பூலுக்கு குடிதண்ணிக்காக 1880கள்ல அணை கட்டி ல்லான்வதின்ங்கற கிராமத்தையே முழுக வச்சாங்க, சர்ச், கடை, வீடு எல்லாம். கல்லறையில இருந்தவங்களை எடுத்து புதுசா கட்டின சர்ச் பக்கம் மாத்தினாங்க. மறுபடியும் 1965ல கப்பெல் கெலின், அதுவும் லிவர்பூலுக்குத்தான், சேப்பலும் போச்சு. அப்பர் பவானி, எமரால்டு பக்கம் தண்ணி இறங்கும்போது கரையில நின்னு கை நீட்டி இங்கதான் இருந்துச்சுன்னு காட்டுற ஆளுங்க நம்மகிட்டயும் இருக்காங்க.

கேள்வி: வெள்ளைக்காரன் வம்சத்தைத் தேட ஒரு பக்கம் முழுக்க எழுதுறீங்களே, அவனைக் கட்டிக்கிட்ட நம்ம பொம்பளைய யார் தேடுறது?
– வாசகர், பழனி

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்கு நான் கோவிச்சுக்கல, எனக்கே உறுத்துறதுதான். குன்னூர் வாசகியோட லெட்டர்லயும் பாருங்க, ஜோன்ஸுக்கு பேரு இருக்கு, பைபிள் இருக்கு, அவரைக் கட்டிக்கிட்டவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான், வெறும் 'மேரி'ன்னோ 'எலிசபெத்'ன்னோ போட்டு முடிச்சிருப்பாங்க. ஆனா வழி கொஞ்சம் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஞானஸ்நானம் வாங்கியிருந்தா அது பெரியவங்க ஞானஸ்நானமா தனியா எழுதியிருக்கும், கல்யாணத் தேதியில இருந்து பின்னாடி ஒவ்வொரு வாரமா தேடுங்க, அதுல சில சமயம் பழைய தமிழ்ப் பேரும் அப்பா பேரும் ஊரும் இருக்கும். சாட்சிக் கையெழுத்தையும், பிள்ளைங்களோட ஞானப்பெற்றோர் பேரு இருந்தா அதையும் எழுதிக்கோங்க, அதுல ஒரு அந்தோணியோ ஞானம்மாளோ தலை காட்டினா அது பெரும்பாலும் அவங்க பக்கத்து ஆளா இருக்கும். எங்க வீட்டு ஜான் ஜோன்ஸோட மனைவி அவங்க ஞானஸ்நானத்துல 'செல்லி, கோயமுத்தூர்'னு ரெண்டே வார்த்தையா இருக்காங்க. சார்ட் பேப்பர்ல இப்ப அந்த ரெண்டு வார்த்தைதான் நடுவுல, ஜோன்ஸ் ஓரத்துல.

கேள்வி: பொண்ணு மான்செஸ்டர்ல இருக்கா, செப்டம்பர்ல போறோம். வேல்ஸுக்கு மூணு நாள் ஒதுக்கியிருக்கோம். பூர்வீகப் பண்ணைய நேர்ல பாத்துடலாமா?
– வாசகி, அருவங்காடு

பதில்: பாக்கலாம், வீட்டுப் பாடத்தை இங்கயே முடிச்சுட்டுப் போனா. பாரிஷ், பண்ணை பேரு, டைத் மேப்பு பிரிண்ட் மூணும் கையில இல்லாம கிளம்பினா மூணு நாளும் மழையையும் ஆட்டையும்தான் பாப்பீங்க, மழைக்கு ஊட்டியே போதுமே. ஒரு நாள் அபெரிஸ்ட்வித்துக்கு வைங்க, ரீடர் டிக்கெட் வேணும், என்ன பாக்கணும்னு முன்னாடியே எழுதிக் கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை அந்த ஊரு சேப்பல் திறந்திருந்தா காலை ஆராதனைக்கு போங்க. பல சேப்பலை மூடி வீடா வித்துட்டாங்க, திறந்திருக்கிற இடத்துல பத்துப் பதினஞ்சு பேர்தான் வருவாங்க, எல்லாம் வயசானவங்க, அவங்களுக்கு எந்தப் பண்ணையில முன்னாடி யார் இருந்தாங்கன்னு நூலகத்தை விட நல்லா தெரியும். ஃபேமிலி ட்ரீ பிரிண்ட் ஒண்ணு குடுத்துட்டு வாங்க, கூட நம்ம கொடநாடு பக்கத்து டீத்தூள் ஒரு பாக்கெட், அதை வச்சு பேச்சு தானா ஓடும்.

பண்ணைக்குப் போனா அது இப்ப வேற ஒருத்தர் வீடு. வாசல்லயே நின்னு கூப்பிடுங்க, போட்டோ எடுக்கக் கேட்டுட்டு எடுங்க. வர்ற வழியில எத்தனை கேட்டு திறந்தீங்களோ அத்தனையும் மூடிட்டு வாங்க, ஆடு வெளிய போயிடுச்சுன்னா அடுத்து வர்ற நம்ம ஆளுக்கு தண்ணிகூடக் கிடைக்காது.